குறைந்த செலவில் சஸ்பென்ஷனை இறுக்கமாக்குவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என் கார் வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. வளைவில் ரொம்பச் சாய்கிறது. வேகத்தடை தாண்டினால் இரண்டு மூன்று முறை ஆடித்தான் அடங்குகிறது. பெரிய பட்ஜெட் இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: முதலில் கார் புதிதாக இருந்த நிலைக்கு வரட்டும் தம்பி. பாதிப் பேருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படுவதில்லை. ஸ்பிரிங் காரைத் தாங்குகிறது; அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். வேகத்தடைக்குப் பிறகும் ஆடுகிறது என்றால் உங்கள் ஷாக் போய்விட்டது. சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து அதில் தூசி அப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் ஷாக்குக்கு முன்னால் டயரைப் பாருங்கள். கெட்டிப்பட்ட பழைய டயரை வைத்துக்கொண்டு மற்றதற்குச் செலவு செய்வது வீண். காற்று, ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவில் இருக்க வேண்டும். அடுத்து லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க்கையின் ரப்பர் உருளை), லிங்க் ராட் (சாய்வைத் தடுக்கும் கம்பியின் இணைப்பு), பால் ஜாயிண்ட் (குமிழ் மூட்டு). அப்புறம் ஷாக், ஜோடியாக மட்டும். பிரிக்கும்போதே ஷாக்கின் மேல்முனையைப் பிடிக்கும் டாப் மவுண்டையும், ஷாக் முழுதாக அமுங்கும்போது தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பையும் மாற்றிவிடுங்கள், இரண்டு தடவை கூலி கொடுக்க வேண்டாம். கடைசியில் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது.

ஒரு விஷயத்தைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். லோயர் ஆர்ம் புஷ்ஷில் ரப்பர் உள் குழாயோடு ஒட்டியிருக்கும். அது சுழலாது, முறுக்கிக்கொள்ளும். கார் ஜாக்கில் நிற்க, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கிய நொடியிலிருந்து அந்த ரப்பர் முறுக்கியபடியே இருக்கும். சீக்கிரமே கிழிந்துபோகும். காரின் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு.

கேள்வி: ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் காரும் தாழும், இறுக்கமும் வரும் என்கிறார்கள். செலவே இல்லையே?

பதில்: வெட்டாதீர்கள். இறுக்கம் வருவது உண்மைதான். வேலை செய்யும் சுற்று ஆறு இருந்து அதில் ஒன்றை எடுத்தால் ஸ்பிரிங் 20 சதவீதம் கடினமாகும். ஆனால் அந்த 20 சதவீதத்தை அடக்கும் பலம் உங்கள் பழைய ஷாக்குக்கு இல்லை. கார் தாழ்ந்ததால் ஷாக் அமுங்குவதற்கான இடமும் குறைந்துவிட்டது. சின்னப் பள்ளத்துக்கே பம்ப் ஸ்டாப்பில் முட்டும், வளைவின் நடுவில் முட்டினால் அந்தச் சக்கரம் சட்டென்று பிடியை இழக்கும். வெட்டிய முனை அதற்கான கிண்ணத்தில் சரியாக உட்காராது. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் விலகவும் கூடும்.

கேள்வி: வெட்டாமல், சூடு வைத்துத் தாழ்த்தலாமா?

பதில்: அது இன்னும் மோசம். சூட்டில் எஃகின் பதம் போய்விடும். அப்புறம் அந்த ஸ்பிரிங் எப்போது உட்காரும், எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: ஷாக், டயர் எல்லாம் புதிது. இன்னும் கொஞ்சம் இறுக்கம் வேண்டும். முன்சக்கர இழுவைக் கார். ஆன்டி-ரோல் பார் போடலாமா? முன்னாலா, பின்னாலா?

பதில்: இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. சரியான வரிசையில் வந்திருக்கிறீர்கள். ஆன்டி-ரோல் பார் என்பது இடது, வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் முறுக்குக் கம்பி. கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தருவது இந்தக் கம்பிதான். அதன் கடினம் விட்டத்தின் நான்காம் மடியில் ஏறும். 20 மி.மீ. கம்பிக்குப் பதில் 22 மி.மீ. போட்டால் கிட்டத்தட்ட 46 சதவீதம் கூடுதல் கடினம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஸ்டீயரிங் பிடித்த கைக்குத் தெரியும். நேர்சாலையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கும்போது கம்பி அநேகமாகச் சும்மா இருப்பதால் சவாரியும் பெரிதாகக் கெடாது.

பின்னால் போடுங்கள். முன்சக்கர இழுவைக் காருக்கு வளைவில் மூக்கு வெளியே ஓடும் குணம் உண்டு. முன்னால் தடித்த கம்பி போட்டால் முன் வெளிச்சக்கரத்தில் சுமை கூடி அந்தக் குணம் வளரும். பின்னால் போட்டால் அந்த வேலையைப் பின்பக்கம் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது, மூக்கு திரும்புகிறது. அளவு மீறினால் ஈரச்சாலையில் வளைவின் நடுவே ஆக்சிலேட்டரை விட்டதும் பின்பக்கம் வழுக்கும். ஒரு படி மட்டும் ஏற்றுங்கள், மழையில் மெதுவாக ஓட்டிப் பழகுங்கள்.

கேள்வி: சாய்வைக் குறைத்தால் வெளிச்சக்கரத்துக்குப் போகும் எடையும் குறைகிறதே, அதனால்தானே பிடி கூடுகிறது? நீங்கள் சுமை கூடும் என்று எழுதுகிறீர்கள்.

பதில்: இல்லை. கணக்குப் போடுவோம். கார் 1000 கிலோ, எடைமையம் 50 செ.மீ. உயரத்தில், இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே 150 செ.மீ., வளைவில் பக்கவாட்டு விசை 0.6 ஜி, அதாவது காரின் எடையில் 0.6 பங்கு. இடம் மாறும் எடை 1000 × 0.6 × 50 ÷ 150, அதாவது 200 கிலோ. இந்தக் கணக்கில் ஸ்பிரிங் எங்கே வருகிறது? வரவில்லை. ஸ்பிரிங்கும் கம்பியும் அந்த 200 கிலோவை முன்னும் பின்னும் எப்படிப் பங்கு பிரிப்பது என்பதை மட்டுமே தீர்மானிக்கின்றன.

கேள்வி (அதே நண்பர்): கார் சாயும்போது எடைமையமே வெளிப்பக்கம் நகர்கிறதே. அதை விட்டுவிட்டீர்கள்.

பதில்: நியாயமான கேள்வி. அதையும் சேர்ப்போம். நல்ல சாய்வில் 3 செ.மீ. நகர்கிறது என்று வையுங்கள். அதற்கு 20 கிலோ. சாய்வைப் பாதியாக்கினால் மிச்சம் 10 கிலோ, 200க்கு முன்னால்.

கேள்வி (வேறொருவர்): அப்படியானால் 3 செ.மீ. தாழ்த்துவதே நல்லது இல்லையா?

பதில்: 200 என்பது 188 ஆகும், அவ்வளவுதான். பதிலுக்கு என்ன போகிறது என்று பாருங்கள். முன்னால் மக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக இருக்கும் அமைப்பு) இருந்தால், தாழ்த்தத் தாழ்த்த லோயர் ஆர்மின் வெளிமுனை மேலே தூக்கும். கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, எடைமையம் இறங்குவதை விட வேகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடைவெளி கூடும், அதே ஸ்பிரிங்கில் கார் முன்பை விட அதிகமாகச் சாயும்! சாய்வைக் குறைப்பதில் பலன் இருக்கிறது, மறுக்கவில்லை. டயர் தரையில் நேராக நிற்கிறது, ஸ்டீயரிங் திருப்பியதும் கார் உடனே கேட்கிறது. எடை குறைவதால் வரும் பலன் அல்ல அது. இத்தோடு இதை நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே வைக்கும் ரப்பர் பஃபர்?

பதில்: அது சுற்றை முடக்குகிறது. அது அமுங்க வேண்டிய அளவையும் சேர்த்து மற்ற சுற்றுகளே அமுங்க வேண்டியிருக்கிறது. வேண்டாம்.

கேள்வி: அரைச் சுற்று மட்டும் வெட்டினால்?

பதில்: மேலே சொன்னதைப் படியுங்கள். அரையானாலும் வெட்டுதான்.

கேள்வி: பாலியூரித்தேன் புஷ் நல்லதா?

பதில்: ஆன்டி-ரோல் பாரைப் பிடிக்கும் இடத்தில் தாராளமாகப் போடலாம், கிரீஸ் தடவி. லோயர் ஆர்மில் போட்டால் சாலையின் அதிர்வு முழுக்க உள்ளே வரும். அன்றாடக் காருக்கு அங்கே நல்ல ரப்பரே போதும்.

கேள்வி: 90க்கு மேல் போனால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. ஷாக் மாற்றவா?

பதில்: முதலில் வீல் பேலன்சிங் பாருங்கள்.

கேள்வி: பிக்கப் வண்டிக்கு இலை ஸ்பிரிங் ஒன்று கூட்டலாமா?

பதில்: என் அனுபவம் காரோடு சரி. சுமை வண்டிப் பட்டறையில் கேளுங்கள்.

கேள்வி: ஸ்ட்ரட்டை வீட்டிலேயே மாற்றலாமா சார்? ஸ்பேனர் செட் இருக்கிறது.

பதில்: ஸ்பிரிங் கம்பிரஸர் இல்லாமல் நடு நட்டைத் தொடவே தொடாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் முகத்தில்தான் வரும். ஸ்ட்ரட்டை முழுதாகக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய் மாற்றி வாங்கிக்கொள்ளலாம். அங்கேயும் ஷாக் தண்டை இடுக்கியால் பிடிக்க விடாதீர்கள். மினுமினுப்பான அந்தப் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் போதும், ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் அது சீலை அறுக்கும்.

கேள்வி (முதலில் கேட்டவர்): அண்ணா, நீங்கள் சொன்ன பிறகு விசாரித்தேன். போன வாரம் புஷ் மாற்றியபோது சக்கரம் தொங்கும்போதேதான் இறுக்கியிருக்கிறார்கள். மறுபடி புஷ் வாங்க வேண்டுமா?

பதில்: ஒரு வாரம்தானே, ரப்பரில் கிழிசல் இல்லையென்றால் வாங்க வேண்டாம். காரைச் சாய்தளத்தில் ஏற்றி, சக்கரத்தில் எடை இருக்கும்படி நிறுத்தச் சொல்லுங்கள். போல்ட்டைத் தளர்த்தி, காரை மேலும் கீழும் நன்றாக ஆட்டிவிட்டு, அதே நிலையில் இறுக்கச் சொல்லுங்கள். அதை முடித்துவிட்டு அலைன்மென்டுக்குப் போங்கள்.