வாடகை வீட்டின் சின்ன அறையில் ஓவியம் வரைய வெளிச்சத்தை எப்படி அமைப்பது?

சென்னையில் வாடகை வீடு, பத்துக்குப் பத்து அறை, வடக்கே ஒரே ஜன்னல், வேலை முடிந்து வந்து இரவிலும் வரைவேன் என்கிறீர்கள். வடக்கு ஜன்னல் அமைந்ததே அதிர்ஷ்டம்தான். ஆனால் வடக்கில் வெயிலே வராது என்பதெல்லாம் ஐரோப்பாவுக்கு ஓரளவு சரி. அங்கே நண்பகல் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கில்தான் இருக்கும். சென்னை இருப்பது 13 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் நம் உச்சியைத் தாண்டி வடக்கே போய்விடும். மத்தியான வெயிலை சன்ஷேடு தடுத்துவிடும். காலையிலும் மாலையிலும் சாய்வாக வருகிற வெயில்தான் கேன்வாஸில் பட்டையாக விழும். கண்ணாடியில் டிரேசிங் பேப்பர் ஒட்டினால் போதும். வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினாலும் சரி, கலர் கரை மட்டும் வேண்டாம்!

வலது கைக்காரர் என்றால் ஜன்னல் இடப்பக்கம் இருக்கிற மாதிரி ஈசலை (கேன்வாஸைத் தாங்கும் சட்டம்) வையுங்கள். கை நிழல் மறைக்காது.

இரவு விளக்குதான் நிஜமான தலைவலி. கடையில் எல்இடி கேட்டால் 6500 கெல்வின் கூல் டேலைட்டைத்தான் எடுத்து நீட்டுவார்கள். கெல்வின் என்பது வெளிச்சத்தின் சாயலைச் சொல்லும் அளவு, எண் ஏற ஏற நீலம் கூடும். நீலம் தூக்கலான வெளிச்சம் அது. அதில் முகத்துக்குக் கலந்த நிறம் காலையில் வேறு மாதிரித் தெரியலாம். மஞ்சள் சாயலான வார்ம் லைட்டிலோ வெள்ளைக்கும் வெளிர் மஞ்சளுக்கும் வித்தியாசமே பிடிபடாது. 4000 முதல் 5000 கெல்வினுக்குள் வாங்குங்கள். அதைவிட முக்கியம் சிஆர்ஐ, அதாவது நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கு நூறுக்குப் போடும் மதிப்பெண். சாதாரண பல்புகளில் 80 சொச்சம் இருக்கும், உங்களுக்கு 90க்கு மேல் வேண்டும். அடர் சிவப்பை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்லும் ஆர்9 மதிப்பு போட்டிருந்தால் அதையும் பாருங்கள். அது குறைந்தால் காட்மியம் சிவப்பு உயிரில்லாமல் பழுப்படிக்கும்.

பேலட்டுக்கும் (வண்ணம் கலக்கும் தட்டு) கேன்வாஸுக்கும் ஒரே வகை விளக்குதான் இருக்க வேண்டும். எண்ணெய் வண்ணம் ஈரத்தில் பளபளத்துக் கண்ணைக் கூசினால், விளக்கை நகர்த்துவதற்கு முன் கேன்வாஸின் மேல்விளிம்பை லேசாக உங்கள் பக்கம் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பு கீழே இறங்கிவிடும்.

சுவர் கிளிப்பச்சையாக இருந்தால் அந்தச் சாயல் கேன்வாஸிலும் அடிக்கும். வீட்டுக்காரர் பெயின்ட் அடிக்க விடமாட்டார் என்றால் சாம்பல் நிறத் துணி தொங்கவிடுங்கள்.

அப்புறம், விளக்கை ஃபேன் இறக்கைக்கு மேலே மாட்டாதீர்கள். நிழல் ஓடிக்கொண்டே இருந்தால் அரை மணி நேரம்கூட வரைய முடியாது. எண்ணெய் வண்ணத்தைக் கரைக்க டர்பன்டைன் பயன்படுத்துவீர்கள் என்றால் ஏசி போட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டாம், அதன் ஆவி அறைக்குள்ளேயே தேங்கிவிடும்.