மூடாத ஆக்ஸ்ஃபோர்டு

கேள்வி: இத்தனை வருஷமாக லேஸ் இல்லாத ஷூதான் போடுகிறேன். போன வாரம் கடையில் ஒரு கறுப்பு ஷூவைப் பார்த்து மயங்கிவிட்டேன். லேஸ் கட்டும் இடம் கோடு கிழித்தாற்போல் மூடியிருந்தது. என் காலில் போட்டால் மட்டும் இரண்டு விரலை விரித்த மாதிரி பிளந்து நிற்கிறது. “போடப் போடச் சரியாகிவிடும்” என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? அதற்கு என்ன பெயர்?

பதில்: ஆக்ஸ்ஃபோர்டு. வாங்காதீர்கள். மயங்கியதில் தப்பில்லை, நானும் விழுந்தவன்தான்.

லேஸ் துளை உள்ள இரண்டு பக்கத் தோலையும் முன்பக்கத் தோலுக்கு அடியில் கொடுத்துத் தைத்தால் அது ஆக்ஸ்ஃபோர்டு. லேஸை எவ்வளவு தளர்த்தினாலும் மேலே மட்டும் விரியும். அடியில், தையல் முடிகிற இடத்தில், நூலளவுகூட அசையாது. பார்வைக்கு அவ்வளவு கச்சிதமாக இருப்பது அதனால்தான். புறங்கால் மேடான ஆளுக்கு அதுவே வில்லங்கம்.

கடைக்காரர் சொன்னது முழுப்பொய் இல்லை. தோல் இளகும். புதிதில் பென்சில் கனத்துக்கு இடைவெளி இருந்தால் நல்லதுகூட. ஆனால் நீங்கள் சொல்கிற பிளவு மூடாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பிளவு மூடட்டும் என்று அரை அளவு பெரிதாக வாங்கினேன். குதிகால் ஒவ்வொரு அடிக்கும் சடக் சடக்கென்று கழன்றது. சரி என்று லேஸை இறுக்கினேன். சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் புறங்காலில் ஐந்து சிவப்புக் கோடுகள், ஏணி மாதிரி.

உங்கள் காலுக்கு டெர்பி போட்டுப் பாருங்கள். அதில் பக்கத் தோல்கள் முன்பக்கத் தோலின் மேலே தைக்கப்பட்டு, கதவு மாதிரி இரண்டு பக்கமும் திறக்கும். கால் எவ்வளவு மேடோ அவ்வளவு விட்டுக் கட்டலாம். இதன் நெருங்கிய உறவு ப்ளூஹர். 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனை எதிர்த்த பிரஷ்யத் தளபதியின் பெயர் அது. சிப்பாய்கள் சட்டென்று மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று அவர் கேட்டதால் இப்படித் தைத்தார்கள் என்பார்கள். டெர்பிக்கு ஆக்ஸ்ஃபோர்டு அளவுக்கு மிடுக்கு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோட்டு சூட்டுக்குப் போட்ட கறுப்பு டெர்பியைக் குனிந்து பார்த்துக் குறை சொல்கிறவர் ஆயிரத்தில் ஒருவர். அப்புறம், எதை வாங்கினாலும் மாலையில் போய் வாங்குங்கள். கால் அப்போதுதான் நன்றாக வீங்கியிருக்கும்.

கேள்வி: பூப்பூவாகத் துளை போட்டிருந்தால்தானே ஆக்ஸ்ஃபோர்டு?

பதில்: இல்லை. அந்தத் துளை வேலைக்கு ப்ரோக் என்று பெயர். ஐரிஷ் மொழியில் ‘ப்ரோக்’ என்றால் வெறும் ஷூ. ஆக்ஸ்ஃபோர்டிலும் இருக்கும், டெர்பியிலும் இருக்கும். சதுப்பு நிலத்தில் நடக்கும்போது உள்ளே புகுந்த தண்ணீர் வடிவதற்காகப் போட்ட துளைகள் என்று கதை சொல்வார்கள். இப்போது வெறும் அலங்காரம். துளை கூடக் கூட மிடுக்குக் குறையும்.

கேள்வி: ஆக்ஸ்ஃபோர்டை லேஸ் அவிழ்க்காமலே கழற்றுகிறேன். தப்பா?

பதில்: தப்புதான். மற்றொரு கால் நுனியால் மிதித்து இழுக்கிறீர்கள் அல்லவா, குதிகாலைப் பிடித்து நிற்கும் விறைப்பான பகுதி அதில் மடங்கிவிடும், மடங்கினால் நிமிராது. நானும் சோம்பேறிதான். அதற்குத்தான் பழைய லேஸ் இல்லாத ஜோடியை இன்னும் தூக்கிப்போடவில்லை.