பலர் சேர்ந்து பாவிக்கும் தச்சுப் பட்டறையில் ரவுட்டர் மேசையைப் பாதுகாப்பாகப் பாவிப்பது எப்படி?

கேள்வியை வாசித்ததும் என் இடது கை நடுவிரலைத்தான் பார்த்தேன். நகம் ஒரு பக்கம் மடிந்துதான் இப்போதும் முளைக்கிறது.

நான் பட்டறைப் படிப்பு எதுவும் படித்தவன் இல்லை. என்.வி.கியூ. என்கிற தொழிற்தகைமைச் சான்றிதழும் இல்லை. திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் ஐந்து பேர் வாடகையைப் பங்கு போட்டு ஒரு பட்டறை வைத்திருக்கிறோம். கதவு, ஜன்னல், நிலாவெளி ஹோட்டல்களுக்குக் கதிரை, மேசை செய்கிறோம். நீங்களும் இப்படி ஓர் இடத்தில் புதிதாகச் சேர்ந்தவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். கையுறை போடுங்கள், கவனமாக இருங்கள் என்று இங்கே பலர் சொல்லக்கூடும். கையுறை போடவே வேண்டாம். ரவுட்டர் மேசையில் மரத்தை வெட்டும் மெஷின் அடியில் தொங்கும், அதன் வெட்டலகு, அதாவது பிட், மேசைக்கு மேலே நீட்டிக்கொண்டு சுற்றும். அந்தப் பிட்டில் துணி மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

சேர்ந்து பாவிக்கும் மேசையில் பெரிய ஆபத்து, உங்களுக்கு முன் நின்றவர் அதை எந்த நிலையில் விட்டுப்போனார் என்பதுதான். எனக்கு நடந்தது அதனால்தான்.

முதிரையில் ஒரு கதவு. நாலு சட்டத்திலும் 12 மில்லிமீட்டர் பிட்டால் காடி, அதாவது பலகை செருகும் நீளப் பள்ளம், வெட்டி முடித்தேன். உள்ளே போகிற பலகை 14 மில்லிமீட்டர். சரி, காடியை இன்னும் 2 மில்லிமீட்டர் அகலமாக்க வேண்டும். சட்டம் சாய்ந்து ஓடுகிற ஃபென்ஸைப் பிட்டிலிருந்து பின்னுக்கு நகர்த்தி, ஒரு சட்டத்தை ஓட்டிப் பார்த்தேன். அளவு சரியாக வந்தது. தேத்தண்ணி குடிக்கப் போனேன். அந்த இடைவெளியில் கூட்டாளி ஒருவர் அவசரமாக ஒரு சின்ன வேலைக்கு மேசையை எடுத்திருக்கிறார். முடிந்ததும் நல்லெண்ணத்தில் ஃபென்ஸை "பழைய இடத்தில்" வைத்திருக்கிறார், ஆனால் ஃபென்ஸின் இடத்துக்கு நான் கீறியிருந்த பென்சில் கோட்டின் மறுபக்கம்.

நான் திரும்பி வந்து, அளக்காமல், அடுத்த சட்டத்தை வைத்துத் தள்ளினேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், பலருக்கும் தெரியாத இடம் இதுதான். மேசைக்கு அடியில் தொங்கும் ரவுட்டரின் பிட் மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றும். அதனால் வலமிருந்து இடமாகத் தள்ளுகிறோம். பிட்டின் நம் பக்கத்து விளிம்பு வெட்டினால் மரத்தை எதிர்த்துத் தள்ளும், கை தாங்கும். ஃபென்ஸ் பக்கத்து விளிம்பு வெட்டினால், நாம் தள்ளுகிற திசையிலேயே மரத்தைப் பறித்துக்கொண்டு போகும். காடியை அகலமாக்கும்போது ஃபென்ஸ் பின்னுக்குப் போனால் முதலாவது, பிட்டை நோக்கி முன்னுக்கு வந்தால் இரண்டாவது. எனக்கு முன்னுக்கு வந்திருந்தது.

"டக்" என்று ஒரு சத்தம். இரண்டடி முதிரைச் சட்டம் கையை விட்டுப் பறந்து, இடது பக்கம் நின்ற பையனின் இடுப்புக்கு நாலு விரல் தள்ளிப் போய்ச் சுவரில் குத்தியது. சிமெந்துப் பூச்சு பெயர்ந்து செங்கல் தெரிந்தது. பிட்டுக்கு நேர் மேலே வைத்து அழுத்திக்கொண்டிருந்த என் கைக்குக் கீழே திடீரென்று மரம் இல்லை. அப்படிக் கை வைத்தது என் பிழை, கூட்டாளியைக் குறை சொல்ல மாட்டேன். ஆறு தையல் போட்டார்கள்.

அந்தப் பையனுக்கு அப்போது பதினேழு வயது. அவனைக் கொண்டுவந்து விட்டவர்கள், "ஓ.எல். சரிவரேல்லை அண்ணை, அதுதான் மரவேலைக்கு" என்றார்கள். ஓ.எல். என்பது பள்ளிக்கூடத்துச் சாதாரண தரப் பரீட்சை. இதை ஊரில் எத்தனை தரம் கேட்டுவிட்டேன். படிப்பு வராத பிள்ளை எதையும் யோசிக்கத் தேவையில்லாத வேலை என்று நினைக்கிறார்கள். மேலே சொன்ன திசைக் கணக்கை ஒரு கிழமைக்குள் விளங்கிக்கொண்டு எனக்கே திருப்பிச் சொல்லித் தந்தவன் அவன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்போது நாங்கள் செய்வது இது. மேசையை விட்டு விலகுகிறவர் பிட்டை மேசை மட்டத்துக்குக் கீழே இறக்கி, பிளக்கைக் கழற்றி, ஃபென்ஸின் மேல் போட வேண்டும். தேத்தண்ணிக்குப் போனாலும் அப்படித்தான். வருகிறவர் பிளக்கைக் குத்த முன், பிட்டைக் கவ்விப் பிடிக்கும் கொலட்டின் இறுக்கத்தையும் ஃபென்ஸ் தூரத்தையும் தானே பார்க்க வேண்டும். பிட்டின் தண்டு கொலட்டுக்குள் குறைந்தது 20 மில்லிமீட்டர் போயிருக்க வேண்டும், அடியில் முட்டாமல் ஒரு நூலளவு மேலே இழுத்து இறுக்குங்கள். வேகத்தையும் பாருங்கள். சின்னப் பிட்டுக்கு நிமிடத்துக்கு 24,000 சுற்று பரவாயில்லை, 50 மில்லிமீட்டர் பிட்டை அந்த வேகத்தில் ஓட்டக்கூடாது, 16,000 அளவுக்குக் குறைக்க வேண்டும். வேகம் குறைக்க முடியாத மெஷினில் பெரிய பிட்டே வேண்டாம். முதிரை, பாலை போன்ற கடினமான மரத்தில் ஒரே தடவையில் ஆழமாக இறக்காமல் இரண்டு மூன்று மில்லிமீட்டராக வெட்டுங்கள். தள்ளுகட்டை இல்லாமல் கை பிட்டுக்குக் கிட்டப் போகக்கூடாது. இடது பக்க நேர்கோட்டில் யாரும் நிற்கவும் கூடாது.

இன்னொன்று, கரண்ட். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்களே, அப்போது ஒருவர் சுவிச்சை அணைக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். இன்னொருவர் பிட்டைக் கழற்ற ஸ்பனரைக் கையில் எடுக்கும்போது கரண்ட் வந்து மெஷின் தானாக ஓடத் தொடங்கியது. கரண்ட் போனால் தானாக அணைந்து, திரும்பி வந்தாலும் நாம் அமத்தினால்தான் ஓடும் சுவிச் இருக்கிறது. எங்கள் மேசைக்கு அடுத்த மாத வாடகைக்கு முன்பே அதை வாங்கிப் பூட்டினோம்.

உங்கள் மேசையில் என்ன பிட், என்ன மெஷின் என்று எழுதினால் வேகத்தைப் பற்றி இன்னும் விபரமாகச் சொல்வேன்.