குளிர் மாதங்களில் கிழங்குகள்

கேள்வி: பச்சைக் காய்களையும் பழங்களையுமே பெரும்பாலும் உண்டு வருகிறேன். உதகையின் மார்கழிக் குளிரில் அவை மட்டும் போதவில்லை; வேகவைத்த கிழங்குகளைச் சேர்த்துக்கொள்ளலாமா?
– வாசகி, உதகமண்டலம்.

பதில்: தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேரட்டை வேகவைத்துச் சிறிது நெய் சேர்த்தால், அதிலுள்ள பீட்டா கரோட்டினை உடல் எளிதாக ஈர்த்துக்கொள்கிறது. ஆனால் வைட்டமின் சி வெப்பத்தில் குறைவதால், சூடான சர்க்கரைவள்ளிக் கிழங்குடன் கொய்யாவையோ நெல்லிக்காயையோ முள்ளங்கித் துருவலையோ பச்சையாக உண்பது மிகவும் பொருத்தமானது. பொங்கலையொட்டி நெல்லைப் பக்கத்திலிருந்து வரும் சிறுகிழங்கையும் தவறவிடாதீர்கள். அதன் மணத்துக்கு ஈடில்லை. சேப்பங்கிழங்கையும் கருணைக்கிழங்கையும் ஒருபோதும் பச்சையாக உண்ண வேண்டாம். அவற்றிலுள்ள நுண்ணிய கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் நாவிலும் தொண்டையிலும் அரிப்பை உண்டாக்கும் என்பதால், புளி சேர்த்து நன்றாக வேகவைக்க வேண்டும். பச்சை மரவள்ளியில் சயனைடை உண்டாக்கும் பொருள்கள் இருப்பதால், அதையும் தோல் நீக்கி வேகவைத்தே உண்ணுங்கள்.