நீல வெளிச்சம் போட்டால் வைரசு சாகுமா?

யாழ்ப்பாணத்தில் மாரி தொடங்கியதும் சளிக்காய்ச்சல் வீடுவீடாகச் சுற்றியது. எங்கள் சனசமூக நிலைய மண்டபத்துக்குக் கழியூதா, அதாவது யூவீ விளக்குப் போடலாமா என்று ஒரு பேச்சு எழுந்தது. வைத்தியசாலைக் கருவிகளைத் திருத்தியே முடி நரைத்தவன் என்பதால் கேள்விகளை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கொக்குவிலில் ரியூட்டறி நடத்துபவர்: அண்ணை, உண்மையிலேயே இந்த வெளிச்சம் வைரசைக் கொல்லுமோ? இல்லாட்டி வியாபாரக் கதையோ?

கொல்லும். அதில் சந்தேகமே வேண்டாம். கழியூதாவில் ஏ, பீ, சீ என்று மூன்று வகை. அலைநீளம் 200 முதல் 280 நானோமீற்றர் வரையுள்ள சீ வகைதான் கிருமிக்கு எமன். வைத்தியசாலைகளில் போடும் பாதரச ரியூப் 254 நானோமீற்றரில் ஒளிரும். அந்தக் கதிர் பட்டால் வைரசின் மரபுச் செய்தியைத் தாங்கும் ஆர்.என்.ஏ. இழையில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். பிறகு அதனால் பிரதி எடுக்க முடியாது. உடல் முழுதாக இருந்தாலும் பெருக வழியில்லை, அவ்வளவுதான். கொரோனா வைரசு இதில் பலவீனமான ஆள். அடினோ வைரசு சரியான முரடு, பல மடங்கு கதிர் கேட்கும்.

இது கொரோனாவோடு வந்த புதுச் சரக்கும் அல்ல. வெயில் பக்டீரியாவை அழிக்கிறது என்று டவுன்ஸ், பிளண்ட் என்ற இரு ஆங்கிலேயர் 1877இலேயே காட்டிவிட்டார்கள். 1930களின் கடைசியில் அமெரிக்காவின் பிலடெல்பியாப் பக்கத்தில் வில்லியம் வெல்ஸ் என்பவர் வகுப்பறைகளில் இந்த விளக்கைப் பூட்டினார். 1941இல் சின்னமுத்து எனும் தட்டம்மை பரவியபோது விளக்குள்ள வகுப்புகளில் பிள்ளைகள் குறைவாகவே நோயில் படுத்தார்கள். ஆனால் பிறகு வேறு ஊர்ப் பள்ளிக்கூடங்களில் செய்து பார்த்தபோது அந்தளவு பலன் தெரியவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸில் நெருக்கியடித்து வந்து அங்கேயே தொற்றை வாங்கிக்கொண்டதுதான் காரணம் என்று கருதினார்கள். உங்கள் ரியூட்டறிக்கு வரும் வான்களை ஒருதரம் எண்ணிப் பாருங்கள்.

அவரே: அப்ப பிள்ளையள் இருக்கேக்கை போடலாமோ?

ஒரே ஒரு முறையில் போடலாம். விளக்கைச் சுவரில் ஏழடிக்கு மேலே பூட்டி, கதிர் கீழே இறங்காமல் கிடையாக மட்டும் போகும்படி தகட்டு அடுக்கு வைத்த பெட்டியாக இருக்கவேண்டும். தலைக்கு மேலே உள்ள காற்று மட்டும் கதிரில் குளிக்கும். பிள்ளைகள் விடும் மூச்சுச் சூடு மேலே ஏறும், சுத்தமானது கீழே வரும். சீலிங் ஃபான் மெதுவாகச் சுற்றினால் இந்தக் கலப்பு இன்னும் நன்றாக நடக்கும். 1950களில் பால்டிமோரில் காசநோய் வார்ட்டின் காற்றைக் கினிப்பன்றிகளுக்கு அனுப்பிப் பார்த்த சோதனையில், கதிர் பட்ட காற்றைச் சுவாசித்தவை தப்பின.

இனி எங்கள் ஊர்ச் சிக்கலுக்கு வருவோம். பல மண்டபங்களில் தகரத்துக்குக் கீழே சூடு இறங்காமல் பளபளவென்று அலுமினியத் தாள் அடித்திருக்கிறோம். அலுமினியம் இந்தக் கதிரைக் கண்ணாடி போலத் திருப்பிவிடும். மேலே போனது பிள்ளைகளின் தலையில் வந்து விழும். ஆகவே பூட்டிய பிறகு கதிர்மானி வைத்து, இருக்கிற உயரத்திலும் நிற்கிற உயரத்திலும் அளந்துதான் ஆகவேண்டும். அளக்கத் தெரியாதவர் பூட்ட வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. உங்கள் கொட்டிலுக்கு இரண்டு பக்கமும் அரைச் சுவர்தானே? காற்று தாராளமாக ஓடுகிற இடத்துக்கு இதெல்லாம் தேவையில்லை. ஏ.சி. போட்டுக் கதவைச் சாத்திய அறைக்குத்தான் இந்த யோசனை.

சுன்னாகத்தில் சலூன் வைத்திருப்பவர்: வெறும் ரியூப் ஒன்று வாங்கினேன். வேலைக்கு நடுவில் ஐந்து நிமிடம் போட்டால் என்ன வரும்?

கண் வெந்துபோகும். இதை நான் பட்டே சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு தனியார் இடத்தில் ரியூப் எரிகிறதா என்று பார்க்கப் பெட்டியைத் திறந்து, கண்ணாடி போடாமல் இரண்டு மூன்று நிமிடம் குனிந்து நின்றேன். அந்த நேரம் ஒன்றுமே தெரியவில்லை. சாமம் ஒரு மணிக்கு எழும்பினால் இரண்டு கண்ணுக்குள்ளும் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டது போல. வெல்டிங் பட்டறைப் பெடியன்களைக் கேளுங்கள், இந்த வேதனை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு நாளில் ஆறியது. ஆனால் அந்த இரண்டு நாளும் மனிசிதான் கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனா.

கணக்கும் சொல்கிறேன். 254 நானோமீற்றருக்கு எட்டு மணி நேரத்தில் ஒருவர் மீது படக்கூடிய எல்லை, சதுர சென்ரிமீற்றருக்கு 6 மில்லியூல். 36 வோற் ரியூப் ஒன்றிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி நின்றால் அந்த எல்லை ஒரு நிமிடத்துக்குள்ளேயே முடிந்துவிடும். நீங்கள் சொல்வது ஐந்து நிமிடம்! போடுவதானால் ஆள் இல்லாத நேரம், கதவைப் பூட்டி, சுவிட்சை வெளியே வைத்துப் போடுங்கள். கதவு திறந்தால் தானாக அணையும் ஏற்பாடு இருந்தால் இன்னும் நல்லது. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை மறித்துவிடும் என்பதால் யன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதில் பயமில்லை.

பருத்தித்துறை வழியில் மினிபஸ் ஓட்டுபவர்: இரவில் பஸ்ஸுக்குள் ஒரு ரியூப்பைக் கட்டிவிட்டால்?

காசுக்குக் கேடு. கதிர் நேர்கோட்டில்தான் போகும். நிழலில் உள்ள கிருமிக்கு ஒன்றும் ஆகாது. சீற்றின் பின்பக்கம், கைபிடிக் கம்பியின் மறுபக்கம், சீற்றுக்கு அடியில் எல்லாம் நிழல். தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் கிருமிக்குக் குடை பிடிக்கும். தூரமும் பெரிய எதிரி: மூன்று மீற்றர் தள்ளிப்போனால், ஒரு மீற்றரில் படும் கதிரில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதைவிட, மாதக்கணக்கில் பட்டால் ரெக்சின் வெடிக்கும், பிளாஸ்ரிக் மஞ்சளாகி நொறுங்கும். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் கம்பிகளைத் துடையுங்கள். ஓடும்போது யன்னலைத் திறந்துவிடுங்கள், மழை நாளிலும் ஒரு கீற்றாவது.

மானிப்பாயிலிருந்து ஓர் அம்மா: தம்பி, பாய் தலையணையை வெயிலில் போடுகிறோமே, அதுவும் இதுதானா?

இதன் அண்ணன் முறை என்று சொல்லலாம், அம்மா. சூரியனிலும் சீ வகைக் கதிர் உண்டு. ஆனால் மேலே உள்ள ஓசோன் அதை முழுதாக விழுங்கிவிடுகிறது. நிலத்துக்கு வருவது ஏ வகையும் கொஞ்சம் பீ வகையும். அந்தப் பீ வகையே உச்சி வெயிலில் கொரோனா போன்ற வைரசை நிமிடக் கணக்கில் அடக்கப் போதும். வருடப்பிறப்பை ஒட்டி ஒருமுறையும் ஓகஸ்ட் கடைசியை ஒட்டி இன்னொரு முறையும் சூரியன் எங்கள் தலைக்கு நேரே நிற்கும். அந்த வெயிலை வீணாக்காதீர்கள். இரண்டு பக்கமும் திருப்பிப் போடுங்கள்.

வாசிகசாலைப் பொறுப்பாளர்: திரும்பி வரும் புத்தகங்களை இதில் காட்டலாமா?

வேண்டாம். அட்டைக்கு மட்டும் பட்டு, உள்தாளுக்குப் போகாது. விரித்து வைத்தாலோ தாள் பழுப்பாகும், மை மங்கும். சில நாள் அலுமாரியில் தனியாக வைத்தாலே தாளில் உள்ள வைரசு தானாகச் செத்துவிடும்.

அரியாலையிலிருந்து ஒரு மாணவி: இணையத்தில் கையடக்க விளக்கு விற்கிறார்கள். நீலமாக எரிகிறது. அது சரியானதா?

நிறத்தை நம்பாதீர்கள். கிருமி கொல்லும் கதிர் கண்ணுக்கே தெரியாது. நீலம் கூடவே வரும் துணை வெளிச்சம். காசு நோட்டுப் பார்க்கும் லைற் 365 அல்லது 395 நானோமீற்றர், ஏ வகையைச் சேர்ந்தது. அது வைரசை ஒன்றும் செய்யாது. பெட்டியில் அலைநீளம் போடவில்லை என்றால் வாங்காதீர்கள். போட்டிருந்து அது 254 ஆக இருந்தாலும், கையில் பிடித்து இரண்டு செக்கன் வீசிவிட்டுப் போனால் போதிய அளவு படாது. கையைச் சுத்தம் செய்யவும் பாவிக்கக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2020இலேயே சொன்ன விஷயம் இது.

222 நானோமீற்றர் விளக்கைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது கிரிப்டன் குளோரைட்டு விளக்கு. அந்தக் கதிர் தோலின் மேல் செத்த படையிலேயே நின்றுவிடுவதால் ஆள் இருக்கும்போதும் எல்லைக்குள் போடலாம் என்று ஆராய்கிறார்கள். நம்பிக்கையான சங்கதிதான். ஆனால் மற்ற அலைநீளங்களை மறிக்கும் வடி இல்லாத மலிவுச் சரக்கை வாங்கி மாட்டாதீர்கள்.

சங்கானையில் கோயில் தண்ணீர்ப் பந்தல் நடத்துபவர்: கிணற்றுத் தண்ணீருக்கு யூவீ பூட்டினால் காணுமா?

கிருமிக்குக் காணும், மற்றதுக்குக் காணாது. தோட்டத்து உரத்திலிருந்து கிணற்றுக்குள் இறங்கும் நைத்திரேற்றை இந்த வெளிச்சம் தொடவும் மாட்டாது. தண்ணீரில் கலந்த உப்பும் எண்ணெயும் அப்படித்தான். எங்கள் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லிலிருந்து வருவதால் ரியூப்பைச் சுற்றியுள்ள குவாட்ஸ் உறையில் வெள்ளையாகக் கல் படியும். கேத்தலுக்குள் பார்த்திருப்பீர்களே, அதே கல்தான். படிந்தால் விளக்கு எரியும், கதிர் வெளியே வராது. தேசிக்காய்ப் புளி விட்டு அடிக்கடி துடையுங்கள். ரியூப் எரிகிறதே என்று விட்டுவைக்காமல் 9000 மணித்தியாலம் அளவில், தொடர்ந்து எரித்தால் ஏறக்குறைய வருடத்துக்கு ஒருமுறை, மாற்றுங்கள்.

அதே சலூன்காரர் திரும்பவும்: அண்ணை, அந்த ரியூப் நேற்று விழுந்து உடைஞ்சு போச்சு. கூட்டி அள்ளலாமோ?

தும்புத்தடியைத் தொடாதீர்கள்! உள்ளே பாதரசம் இருக்கிறது, கூட்டினால் பரவும். கதவு யன்னலைத் திறந்துவிட்டுக் கால்மணி நேரம் வெளியே நில்லுங்கள். பிறகு கையுறை போட்டு, இரண்டு மட்டைத் துண்டால் அள்ளி, மிச்சத்தை ஈரக் கடதாசியால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள போத்தலில் போட்டு இறுக்குங்கள். போத்தலைக் குப்பையில் எறியாமல் என்னிடம் கொண்டுவாருங்கள்.