ஆணுறை கிழிந்து ஒன்பது நாள்: எச்.ஐ.வி. பயத்தோடு பரிசோதனை வரை எப்படிக் காத்திருப்பது?

கொழும்பில் ஒரு பெண்ணோடு இருந்தபோது ஆணுறை கிழிந்துவிட்டது, ஒன்பது நாட்கள் ஆகின்றன, இப்போது ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் வீட்டில் இருக்கிறேன், தூக்கமே இல்லை, எங்கே எப்போது சோதிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, ஆறு வருடங்களுக்கு முன் நானும் இப்படித்தான் கிடந்தேன். புறக்கோட்டையில் துணிக்கடை வேலை, ஓர் இரவு. என் கதையில் கிழிவதற்கு ஆணுறைகூட இல்லை. தீபாவளி லீவுக்குத் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு வந்தவன் பலகாரத்தைத் தொடவில்லை.

முதலில் உங்களுக்கு இனி உதவாத ஒன்றைச் சொல்கிறேன்; இதைப் படிக்கும் வேறொருவருக்கு உதவும். சம்பவம் நடந்து 72 மணிநேரத்துக்குள் போனால், மருத்துவர் தேவை என்று கண்டால், தொற்றைத் தடுக்கும் மாத்திரை தருவார். 28 நாட்கள் விடாமல் விழுங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. நான் அதை ஐந்தாம் நாள்தான் அறிந்தேன்.

பிறகு தொடங்கியது இணையத் தேடல். தொற்றிய பலருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் காய்ச்சல், தொண்டை நோவு, தோலில் தடிப்பு, கழுத்தில் நெறி கட்டுதல் எல்லாம் வரலாம் என்று படித்தேன். அன்றிலிருந்து கழுத்தை அழுத்திப் பார்ப்பதே தொழிலாகிவிட்டது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை அழுத்தினால் எந்தக் கழுத்தும் நோகும். ஐப்பசி மழையில், பகல் பன்னிரண்டு மணிக்கே பனி மூடும் ஊரில், தொண்டை கரகரக்காதவர் யார்? லயம் முழுவதும் இருமிக்கொண்டிருந்தது. என் இருமலுக்கு மட்டும் எயிட்ஸ் என்று பெயர் வைத்தேன். அறிகுறி இருந்தால் தொற்று என்றும் இல்லை, அறிகுறி இல்லாவிட்டால் தப்பித்தோம் என்றும் இல்லை. இரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும்.

அந்த இரத்தத்தை எங்கே கொடுப்பது என்பதில்தான் நான் மிகவும் தடுமாறினேன். நம் தோட்டங்களில் நோய்ப் பயத்தைவிட யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயம் பெரிது. டிஸ்பென்சரியில் காலையில் சொன்னது மாலையில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேச்சாகிவிடும். நகரத்து ஆஸ்பத்திரியில் சின்னம்மாவின் மகள் வேலை செய்கிறாள். அதனால் ஒரு கெட்டிக்கார யோசனை தோன்றியது: கோவிலில் இரத்ததான முகாம் வருகிறது, கொடுத்துவிட்டால் அவர்களே சோதிப்பார்கள், ஒருவருக்கும் தெரியாது. பெயரும் கொடுத்துவிட்டேன். முகாமன்று படிவத்தில் இருந்த கேள்விகளைப் படித்ததும் கை நின்றுவிட்டது. தொற்றிய புதிதில் கிருமி இரத்தத்தில் இருந்தாலும் சோதனையில் பிடிபடாமல் போகலாம். அந்தப் பை பிள்ளைப்பேற்றில் இரத்தம் போய்க் கிடக்கும் ஒரு பெண்ணுக்கு ஏறலாம். தலை சுற்றுகிறது என்று பொய் சொல்லிக் கழன்றுகொண்டேன். நீங்கள் அந்த யோசனையின் பக்கமே போகாதீர்கள்.

அடுத்த அசட்டுத்தனம், பன்னிரண்டாம் நாள் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் காசு கொடுத்துச் சோதித்தது. என்ன வகைச் சோதனை, இத்தனை சீக்கிரம் செய்வதில் பயன் உண்டா என்று யாரும் சொல்லவில்லை. ஆட்கள் நிறைந்த கூடத்தில் என் முழுப் பெயரையும் கூவி உறையை நீட்டினார்கள். தொற்று இல்லை என்று இருந்தது. அரை நாள் நிம்மதி. இரவில் மறுபடி இணையம், மறுபடி கழுத்து.

கடைசியில் கண்டிக்குப் போனேன். அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள் நுவரெலியா, பதுளை, கண்டி மூன்றிலும் இருக்கின்றன. காசு வாங்குவதில்லை, விவரத்தை வெளியே சொல்வதில்லை. எனக்கு நுவரெலியாதான் கிட்ட. ஆனாலும் தெரிந்த முகம் இல்லாத ஊர் வேண்டும் என்று கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பஸ்ஸில் குலுங்கிப் போனேன். தூரம் போனால்தான் உள்ளே நுழையத் தைரியம் வரும் என்றால் தூரமாகவே போங்கள்.

அங்கே ஓர் எண் கொடுத்தார்கள். அதைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். மருத்துவர் பாதித் தமிழிலும் பாதிச் சைகையிலும் பேசினார், மிச்சத்தைத் தாதி மிஸ் மொழிபெயர்த்தார். யாரோடு, எப்போது, எப்படி என்று பருப்பு விலை விசாரிப்பதுபோல் விசாரித்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன். சிபிலிஸ் என்ற இன்னொரு பாலியல் நோய்க்கும் சேர்த்து இரத்தம் எடுத்தார்கள். இன்று எடுப்பது ஏற்கெனவே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான், அந்த இரவுக்கான விடை பிறகுதான் என்றார் மருத்துவர். நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வுகூடத்தில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனை கிருமியின் புரதத்தையும் அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் பொருளையும் சேர்த்துத் தேடும். சம்பவம் நடந்து 45 நாட்கள் ஆகியிருந்தால் அதற்குப் போதும். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் விரைவுச் சோதனை என்றால் 90 நாட்கள். ஆகவே எங்கே போனாலும் எந்தச் சோதனை என்று வாய் திறந்து கேளுங்கள். அதுவரை ஆணுறை இல்லாமல் யாருடனும் உறவு வேண்டாம். அந்தப் பெண்ணும் இந்த ஒன்பது நாட்களாக உங்களை நினைத்து இதே பயத்தில் இருக்கலாம். தொடர்பு இருந்தால் அவரையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கணக்கு வேண்டுமா? கிருமி உள்ள, சிகிச்சை எடுக்காத பெண்ணோடு ஆணுறை இல்லாமல் ஒருமுறை சேர்ந்த ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000இல் சுமார் 4 என்று மதிப்பிடுகிறார்கள். உங்கள் விஷயத்தில் அவருக்குக் கிருமி இருக்கிறதா என்பதே தெரியாது. பகலில் இந்தக் கணக்கு தேற்றும். இரவு இரண்டு மணிக்கு, அந்த நால்வரில் முதல் ஆள் நான்தான் என்று தோன்றும். அதனால் மருத்துவரிடம் மறுபக்கத்தையும் கேட்டேன்: இருந்துவிட்டால்? அரசாங்கமே இலவசமாக மருந்து தருகிறது, தினமும் தவறாமல் எடுத்து இரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து நின்றால் உடலுறவில் அடுத்தவருக்குத் தொற்றாது, கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம் என்றார். எனக்குத் தூக்கம் தந்தது அந்தப் பதில்தான். 10,000இல் 4 அல்ல.

இடையில் இன்னொரு சோதனை செய்யாமல் இருப்பதுதான் கஷ்டம். போனை இரவில் அம்மாவின் ரங்குப்பெட்டியில் பூட்டச் சொன்னேன். கடைக்குத் திரும்பாமல் பேக்டரியில் இரவு வேலைக்குச் சேர்ந்தேன். பண்டாரவளையில் இருக்கும் மச்சானிடம் மட்டும் சொன்னேன். அவன் புத்தி சொல்லவில்லை. கூட வருகிறேன் என்றான். அப்படி ஒருவர் இல்லையென்றால், மனம் மிகவும் நெருக்கினால், 1926 என்ற தேசிய மனநல உதவி எண் இருக்கிறது.

நாட்காட்டியைப் பார்த்தால் நாள் நகரவில்லை. அம்மா கொழுந்து எடுக்கிறவர்; ஒரு மலையில் எடுத்துவிட்டு அதே மலைக்குத் திரும்ப ஏழெட்டு நாட்கள் ஆகும். அவர் எட்டாம் நம்பர் மலைக்கு எப்போது போகிறார் என்று மட்டும் பார்த்தேன். நான்கு சுற்றில் 45ஆம் நாள் வந்துவிட்டது. உங்களுக்கு இன்னும் 36 நாட்கள், ஐந்து சுற்று.

அன்றும் தொற்று இல்லை, 90ஆம் நாளும் இல்லை. கண்டியில் என்ன வேலை என்று அம்மா கேட்டார். கண் சோதித்துக் கண்ணாடி வாங்க என்றேன். ஆறு வருடங்களாகக் கண்ணாடி போடவில்லை; அவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.