24ஐ 13ஆல் பெருக்க ஏன் பெட்டி கீற வேண்டும்?

தங்கச்சி, உங்கள் மகள் திருகோணமலை உவர்மலையில் இருந்தபோது, பெரிய பள்ளிக்கூடம் கிடைக்கத் தரம் 5இல் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சையின் மாதிரித்தாள்களை ஊதித் தள்ளியவள் என்கிறீர்கள். இங்கே ஸ்காபரோவில் தரம் 5க்குப் பாடப்புத்தகமும் இல்லை, வீட்டுப்பாடமும் இல்லை, பெருக்கலுக்குப் பெட்டி கீறச் சொல்கிறார்கள், விடை சரியாக இருந்தும் நாலு நிலைகளில் நிலை 2தான் கிடைக்கிறது. "ஒன்ராறியோவில் கணக்கே படிப்பிப்பதில்லையா அக்கா?" என்று கேட்கிறீர்கள்.

படிப்பிக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் கொதித்தேன். மடத்தடியில் பிரம்புக்குப் பயந்து வாய்ப்பாடு பாடமாக்கியவள் நான். மூத்தவன் விடையை மட்டும் எழுதிப் புள்ளி குறைந்து வந்தபோது ரீச்சரிடம் சண்டைக்கே போனேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: பெருக்கும்போது இரண்டாவது வரியை ஏன் ஓரிடம் தள்ளி எழுதுகிறோம்? அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. சரி, எனக்கும் தெரியவில்லை.

அந்தப் பெட்டியில் இருப்பதே அதற்கான பதில்தான். தம்பலகாமத்து வயல் ஒன்றை வரம்பு போட்டு நாலாகப் பிரித்ததாக நினையுங்கள். நீளம் 24ஐ 20உம் 4உமாக, அகலம் 13ஐ 10உம் 3உமாகப் பிரியுங்கள். நாலு துண்டும் 200, 40, 60, 12, கூட்டினால் 312. இனி ஊர் முறையில் செய்து பாருங்கள். முதல் வரியில் வரும் 72, அந்த 60உம் 12உம். தள்ளி எழுதும் 24 உண்மையில் 240. அதுதான் 200உம் 40உம். நாற்பது வயதில் எனக்கு இது விளங்கியது.

பெட்டியோடு நின்றுவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். தரம் 5இல் நாங்கள் செய்த முறையும் வரும், மூவிலக்க எண்ணை ஈரிலக்க எண்ணால் வகுப்பதும் வரும். 12 வரை வாய்ப்பாடு மனதில் இருக்க வேண்டும். அதில் உங்கள் மகள் முன்னுக்கு நிற்பாள். புதிதாக இருக்கப்போவது வேறு: ஊரில் நாங்கள் மேல் வகுப்பில் படித்த இடை (mean), இடையம் (median), ஆகாரம் (mode), அப்புறம் கோடிங். கடையில் நாலு சாமான் வாங்கினால் வரியோடு எவ்வளவு என்பதும் பாடம்தான். இங்கே 13 வீத வரி விலைச்சீட்டில் இருக்காது, காசாளரிடம் போனபிறகுதான் ஏறும். வந்த புதிதில் நானே அதில் ஏமாந்தேன்.

அவளுக்குத் தடுக்கப்போவது கணக்கு அல்ல, கணக்கைச் சொல்லும் ஆங்கிலம். அதற்கு உடனே ரியூசனுக்குக் காசு கட்டாதீர்கள். சமைக்கும்போது பக்கத்தில் இருத்தி, "இதை எப்படிச் செய்தாய், எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். முதலில் தமிழில் சொல்லட்டும். தமிழில் வந்தால் ஆங்கிலத்தில் வர நாளெடுக்காது. இடையில் நீங்கள் திருத்தப் போகாதீர்கள், எனக்கு அந்தப் பழக்கத்தை விடத்தான் அதிக நாள் பிடித்தது.

புள்ளி விஷயம்: தரம் 6 வரை அறிக்கையில் எழுத்துத்தான், நூற்றுக்கு இவ்வளவு என்பது 7இல்தான் தொடங்கும். நிலை 3 என்றால் மாகாணம் எதிர்பார்க்கும் அளவு, குறைவில்லை. தரம் 6இல் மாகாணப் பரீட்சை ஒன்று உண்டு. ஆனால் வெட்டுப்புள்ளி கிடையாது, அதை வைத்துப் பெரிய பள்ளிக்கூடம் கிடைப்பதுமில்லை. மாதிரித்தாள் கட்டை ஊரிலிருந்து அனுப்பச் சொல்லியிருந்தால், தபால் செலவை மிச்சம் பிடியுங்கள்.